சூல்பிடி

கன்டெய்னரைத் திறந்த அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்: நீளமேசையில் இறால் உரிக்கும் பெண்கள் இருபத்து நாலு பேர், அவர்களில் மூத்தவள் ஞானப்பூ, இளையவள் சலேத், நாற்பத்தொன்றாம் டோக்கன்காரி கித்தேரி, சூப்பர்வைசர் ராயப்பன், குடைக்குக் கீழே நாற்காலி போட்டு மேனேஜர், பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் காக்கிற சுடலைமுத்து, பெட்டிக்கு அடியில் மூன்று வாரமாகக் குடியிருந்த ஒரு செவலை நாய், அதன் குட்டிகள் ஐந்து. தானும் அங்கே நின்றதாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் எவரும் அன்று அங்கே இல்லை. வாட்ச்மேன்கூட இல்லை. அவர் பீடி வாங்கப் போயிருந்தார்.

பெட்டி நாற்பது அடி நீளம். உள்ளே நான்கு மாதத்து இறால். அது தூத்துக்குடியில் கப்பலேறி, வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி ஏறி, குளிர் நாடு ஒன்றின் துறைமுகத்தில் மாதக்கணக்காக வெயிலும் பனியும் பார்த்துக் காத்துக் கிடந்து, வேண்டாம் என்று சொல்லப்பட்டு, போன வழியே திரும்பி வந்திருந்தது. மைனஸ் பதினெட்டில் இருக்கவேண்டிய பெட்டி முப்பத்தேழில் இருக்கிறது என்பதுதான் புகார். குளிரூட்டும் இயந்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை, இறாலும் கெடவில்லை. உரித்த அன்றைய மினுமினுப்பு மாறாமல், நோயில்லாத ஒரு மனுஷியின் உடம்புச் சூட்டோடு இருந்தது. அந்த ஊர் அதிகாரிகள் மூன்று தரம் அளந்தார்கள். மூன்று தரமும் அதே எண் வந்தபோது, இது உணவில் சேர்த்தி இல்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள். அது யாருடைய சூடு என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு அது வேண்டியதும் இல்லை.

இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முந்தைய வருஷம் ஐப்பசியில் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். உறை போட்ட கை பத்து இறால் உரிக்கிற நேரத்தில் வெறுங்கை பதினாலு உரிக்கிறது என்று கண்டுபிடித்தார். மறுநாள் ராயப்பன் ஒரு கூடையோடு மேசைக்கு வந்து, "உறையக் கழட்டிப் போடுங்கம்மா, மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார்.

"ஐஸ் தண்ணியில நாள் முழுக்க வெறுங்கையோடயா?" என்றாள் ஞானப்பூ. "மேனேஜரு வந்து ஒரு பேசின் உரிச்சுக் காட்டட்டும், நாங்க கழட்டுதோம்."

"அவரு எம்.பி.ஏ. படிச்சவரு."

"அப்ப அவரு கையிக்கு உறை தேவையில்ல பாத்துக்க. எங்களுக்குத்தான் வேணும்."

மேசை முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருபத்து நாலு பேரும் உறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று நான்கு மாதம், வெறுங்கையால் ஓட்டை உடைத்து, முதுகைக் கீறி, குடலை உருவி, வெள்ளை இறாலைப் பேசினில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு இறாலோடும் கைச்சூட்டில் ஒரு துளி போய்க்கொண்டே இருந்தது. நகத்தில் போனது, விரலில் போனது, மணிக்கட்டில் போனது, முழங்கையைத் தாண்டித் தோள்வரை போனது. மாசி பிறந்தபோது போவதற்கு மிச்சம் இல்லை. அந்த நான்கு மாதத்து இறாலையும் ஒரே பெட்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

கித்தேரிக்கு அது தெரிந்தது தலைக்கு எண்ணெய் வைக்கும்போது. தேங்காய் எண்ணெய் உள்ளங்கையில் ஊற்றியதும் வெள்ளையாகக் கட்டிப்போனது. அவள் புருஷன் தொம்மை விசைப்படகில் போகிறவன். அன்று இரவு அவள் கையைத் தொட்டுவிட்டு, "ஏளா, ஐஸ்ல போட்ட சூரை மீனு கணக்கா இருக்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்தான். அவளுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். கலியாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. வயிற்றுக்கு மட்டும் குளிர் இறங்கவில்லை. பிள்ளை விடவில்லை என்றாள் ஞானப்பூ.

ஊர் எதையும் தாங்கிக்கொள்ளும், அதில் தனக்கு ஓர் உபயோகம் இருந்தால் போதும். முதலில் மீன் விற்கிறவர்கள் வந்தார்கள். ஏலக்கூடத்தில் ஐஸ் தட்டுப்பாடான நாட்களில், மேசைப் பெண்களில் யாராவது ஒருத்தி கூடைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம்வரை மீன் கண் சிவக்காது. பிறகு பூக்காரி வந்தாள். பிறகு மாவு அரைக்கிறவள் வந்தாள். ஐஸ் கம்பெனி முதலாளி, லைசென்ஸ் இல்லாமல் பொம்பளைகள் குளிர் விற்கிறார்கள் என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். தலைவர் சலேத்தின் கையைத் தொட்டுப் பார்த்து, நல்ல உச்சி வெயில் நேரம் ஆதலால் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்து, இதற்கெல்லாம் சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். மாதா கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் இவர்கள் விரல் நனைத்தால் தண்ணீர் உறைந்து, பின்னால் வருகிறவர்களின் நகம் இடித்தது. சாமியார் நல்லவர். ஒன்றும் சொல்லாமல் இவர்களுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வைத்தார்.

சாவு வீட்டில்தான் இவர்கள் இல்லாமல் முடியாது என்று ஆனது. மகன் மஸ்கட்டிலிருந்தோ பஹ்ரைனிலிருந்தோ வந்து முகம் பார்க்கும்வரை உடம்பைக் காக்க முன்பெல்லாம் டவுனிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரும், கரண்டு போனால் பெட்டி கைவிடும். இப்போது, "கை வைக்கக் கூப்பிடுதாவ" என்று ஆள் வரும். தலைமாட்டில் இரண்டு பேர், கால்மாட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து இறந்தவர்மேல் கையை வைத்திருப்பார்கள். அழுகிறவர்கள் அழுதுவிட்டுப் போவார்கள், இவர்கள் அழவும் எழவும் கூடாது. காப்பி கொடுப்பார்கள். டம்ளரைக் கையில் வாங்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது ஆறி, ஆடைக்குப் பதில் மேலே ஐஸ் படிந்திருக்கும்.

இருபத்து மூன்று பேர் இதில் எப்படியோ காலம் தள்ளினார்கள். கித்தேரிக்கு மட்டும் தள்ள முடியவில்லை. பங்குனியில் பெண்பிள்ளை பிறந்தது. நர்சு பிள்ளையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். பிள்ளை வீறிட்டு நீலம் பாரித்தது. பிடுங்கி அவளுடைய மதினி, தொம்மையின் அக்காள், பிரகாசியிடம் கொடுத்தார்கள். பிள்ளை அடங்கியது. பால் வந்தது; சீவிய ஐஸாக வந்தது. பிரகாசிக்குப் பிள்ளை இல்லை. புட்டிப்பால் கொடுத்து, மடியில் போட்டு, ஜோவிட்டா என்று பேர் வைத்துக் கூப்பிட்டவளும் அவள்தான். கித்தேரி இரண்டு முழம் தள்ளி நின்று பார்ப்பாள். போர்வையைச் சுற்றி வாங்கிப் பார்த்தாள். ஈரச்சாக்கைச் சுற்றியதுபோல் போர்வை விறைத்தது.

ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தார்கள். கரண்டு இல்லை. நர்சம்மா மருந்துக் குப்பிகளைக் கித்தேரியின் இரண்டு கையிலும் வைத்துப் பொத்தச் சொன்னாள். காலையிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஊசி போட்டுக்கொண்டு அழுதுவிட்டுப் போயின. பிரகாசியின் தோளில் ஜோவிட்டாவும் வந்தாள். ஊசி ஏறியதும் உதட்டைப் பிதுக்கினாள். கித்தேரி தன்னை அறியாமல் எழுந்தாள்.

"கையத் தொறக்காதிய யக்கா," என்றாள் நர்சம்மா. "மருந்து சூடாயிரும்."

கித்தேரி உட்கார்ந்தாள்.

மார்கழிப் பனியில்தான் பெட்டி திரும்பி வந்தது. யார்டில் வைத்து மின்சாரத்தில் செருகிய சுடலைமுத்து, முகப்பில் ஓடும் சிவப்பு எண்ணைப் பார்த்தான், முப்பத்தேழு; பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினான், முப்பத்தேழு. அன்று சாயங்காலமே செவலை நாய் பெட்டிக்கு அடியில் போய்க் குட்டி போட்டது. லாரிக்காரர்கள் துவைத்த கைலியைப் பெட்டிமேல் காயப்போட்டார்கள். இடுப்பு பிடித்தவர்கள், மூட்டு வலிக்காரர்கள், குளிர்சுரம் கண்டவர்கள் வந்து தகரத்தில் சாய்ந்து நின்றார்கள். வாட்ச்மேன் வரிசை போட்டு, ஆளுக்கு ஒரு பீடி நேரம் என்று வரையறுத்தார். கித்தேரி நாலாம் நாள் வரிசையில் நின்று, முறை வந்ததும் முதுகைக் கொடுக்காமல் கன்னத்தைக் கொடுத்தாள். நெற்றியோடு நெற்றி வைத்ததுபோல் இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற ஞானப்பூ தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"நம்மளுதுட்டி இது," என்றாள்.

ஆனால் பெட்டியை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு மூட்டை இறக்கியாகிவிட்டது. சனிக்கிழமை நாலு மணிக்கு அதிகாரி வந்து, கண்ணெதிரே புதைப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெண்கள் திரண்டு மேனேஜரிடம் போனார்கள். ஞானப்பூதான் பேசினாள். புதைக்கிறதற்கு முன்னால் எங்கள் சூட்டை எடுத்துக்கொள்கிறோம் என்றாள். மேனேஜர் அவளைப் பார்த்தார், பெட்டியின் சிவப்பு எண்ணைப் பார்த்தார், மனசுக்குள் ஒரு கழித்தல் போட்டார். சூடு போய்விட்டால் மிஞ்சுவது நல்ல இறால்.

"எடுத்துக்கங்க," என்றார். "சூட்ட மட்டும். இறால் ஒண்ணு குறையக்கூடாது."

அந்த மூன்று வாரமும் கித்தேரி ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசாதவள், ஆறாவதோடு நின்றவள், எதையும் எண்ணாமல் விடமாட்டாள். மணிக்கட்டுவரை சூடு ஏறினால் பிள்ளையின் கன்னத்தைத் தொடலாம். முழங்கைவரை ஏறினால் மடியில் கிடத்தலாம். தோள்வரை ஏறினால் தூக்கலாம். தோள்வரை ஏறும் என்றே அவள் நினைத்தாள். ஏனென்றால், அட்டைப்பெட்டிமேல் அவரவர் டோக்கன் எண்ணைப் போட்டு அடைப்பது வழக்கம், நாற்பத்தொன்று போட்ட பெட்டிகளை அடுக்கிய பக்கத்துத் தகரம்தான் எல்லாவற்றிலும் சூடு என்று சுடலைமுத்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தான்.

அதற்குக் காரணம் சூல்பிடி. நீளமேசையில் ஒருத்தி சூலியாகி ஆறாம் மாதம் பிறந்துவிட்டால், மற்றவர்கள் தினமும் ஆளுக்கொரு பிடி, தாங்கள் உரித்த இறாலை அவள் பேசினில் போடுவார்கள். அவள் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம், எடை குறையாது. ராயப்பன் பார்த்தும் பாராதவர்போல் இருப்பார். போட்ட பிடியைத் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் தாய்க்குப் பால் வற்றும் என்பது மேசையின் சொல். கித்தேரிக்குப் போட்டது அந்தக் குளிர் மாதங்களில்தான். கூலிக்கு உரித்த இறாலில் வெதுவெதுப்புக்கு மேல் இல்லை. மனசோடு போட்ட பிடியில்தான் சூடு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சுடலைமுத்து கதவைத் திறந்தான். உள்ளிருந்து வெயிலில் கிடந்த துணியை மடிக்கும்போது வருமே, அந்த வாசனை வந்தது. ராயப்பன் எண்ணைக் கூப்பிட்டு அட்டைகளை இறக்கிக் கொடுத்தார். முதலில் ஒருத்தியும் தொடவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாகக் கையை விட்டார்கள். இறாலைப் பொத்திப் பிடித்தால், பால் கொதிக்கும் முன் பாத்திரம் முனகுமே அதுபோல உள்ளங்கையில் ஒரு முனகல். கையைத் திறந்தால் இறால் கல்லாக விறைத்து, பனி பூத்து, அட்டையில் திருப்பிப் போடும்போது கண்ணாடி வளையலாகக் கிணுங்கும். அரைமணி நேரம் கிணுங்கல் மட்டும்தான். பெட்டியின் எண் முப்பத்தாறு ஆனது, முப்பத்தைந்து ஆனது.

பிறகு கிணுங்கல் நின்றது. அவரவர் அட்டைகள் தீர்ந்துவிட்டன. சலேத்துக்கு இரண்டாம் கணுவரை ஏறிய சூடு அதற்கு மேல் ஏறவில்லை. ஞானப்பூவுக்கு நகம்கூடச் சிவக்கவில்லை. எல்லாரும் கையை முன்னால் நீட்டிப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் பார்த்தார்கள், பிறகு எல்லாக் கண்ணும் ஒரே இடத்துக்கு வந்தன. நாற்பத்தொன்றின் அட்டைகள் மார்பளவு அடுக்கி, மேலே ஆவி ஆடிக்கொண்டிருந்தது. அவை கடைசியாக இறங்கியதால், கித்தேரி அப்போதுதான் முதல் அட்டையின் நாடாவை அறுத்திருந்தாள்.

"சூல்பிடியத் திருப்பிக் கேக்கப்பிடாது," என்றாள் ஞானப்பூ. சொல்லும்போது அவள் கை கித்தேரியின் அட்டைமேல்தான் இருந்தது.

"யாரு கேட்டா? நான் கேக்கல," என்றாள் ஒருத்தி.

"நானும் கேக்கல."

"நான் கேக்கேன்," என்றாள் சலேத். கலியாணமாகிப் பத்து மாதம், புருஷன் எட்டு மாதமாகப் படகிலேயே படுக்கிறான். "பால் வத்தும்னுதான கேக்கக்கூடாது? அவ எந்தப் புள்ளைக்குப் பால் குடுக்கா? அது பிரகாசி புள்ள. ஊருக்கே தெரியும்."

"ஏ வாய மூடுட்டி!" என்று ஞானப்பூ கத்தினாள். ஆனால் அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

கித்தேரி குனிந்தே இருந்தாள். அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது, அழுதால் கண்ணீர் இமையிலேயே உறைந்துவிடும், அதை எடுக்க வலிக்கும். ஒன்றும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால், கேட்டவளே வெட்கி விலகியிருப்பாள். ஆனால் மற்றவர்கள் சூட்டில் பிள்ளையைத் தூக்கினால், தூக்குகிற ஒவ்வொரு தடவையும் இந்த இருபத்து மூன்று பேரின் கையும் நினைவில் வரும், அதை எண்ணாமல் அவளால் இருக்க முடியாது.

"எல்லாத்துக்கும் எனக்குக் கணக்கு இருக்கு," என்றாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "சலேத்து பத்தொம்பது பிடி. ஞானப்பூ யக்கா அம்பத்திரண்டு. மொத்தம் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. அவுங்கவுங்க கையால எடுங்க. உங்க பிடி உங்க கையளவு. அதுபோக மிஞ்சுனது எனக்கு."

நியாயம் என்றார்கள். மேனேஜரும் குடைக்குக் கீழிருந்து நியாயம் என்றார்.

சலேத் முதலில் வந்தாள். கித்தேரி அட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விறைத்த கையால் எடுத்தாள், பிடிக்கு ஏழு இறால் வந்தது. பொத்தி, விறைக்கவிட்டு, கிணுங்கப் போட்டு, அடுத்த பிடி எடுத்தாள். பத்தாவது பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்தது. பதினைந்தாவது பிடியில் சிரித்தாள். பத்தொன்பது முடிந்ததும் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்து, நடந்து போய் ராயப்பனின் மொட்டைத்தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சுடுதா அண்ணாச்சி?" என்றாள். "சுடுதும்மா, சுடுது," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். கித்தேரிகூடச் சிரித்தாள்.

நாலாவது ஆளிடம்தான் அவள் கண்ணில் அது பட்டது. முதல் பிடியில் ஏழு வந்த கையில் இருபதாம் பிடியில் பதினாலு வந்தது. சூடேறிய விரல் நீண்டு கொடுக்கிறது, உள்ளங்கை குழிகிறது, அகப்பையாக அள்ளுகிறது. போட்ட நாட்களில் அது குளிரில் மடங்காத கை. எடுக்கிறது சூடான கை. பிடி என்னவோ பிடிதான். அவள் எண்ணி வைத்திருந்தது பிடியைத்தான், இறாலை அல்ல.

எண்ணுவது ஒரு கணம் நின்றது. "இருவத்தொண்ணு," என்று எடுத்துக் கொடுத்தாள் எடுத்துக்கொண்டிருந்தவள், உதவியாக.

முன்னால் எடுத்த மூன்று பேருக்கு ஒரு படி, பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு படி என்று வைக்க முடியாது. பாதியில் படியை மாற்றினால் அது கணக்கு இல்லை. "இருவத்திரண்டு," என்றாள் கித்தேரி. இருபத்துமூன்று, இருபத்துநாலு என்று எண்ணிக்கொண்டே போனாள். அட்டை அடுக்கு மார்பிலிருந்து இடுப்புக்கு வந்தது, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வந்தது. பெட்டியின் எண் பத்துக்கு வந்தது, பூஜ்யத்துக்கு வந்தது, கீழே போயிற்று. நாய் எழுந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடிப் போனது.

கடைசியாக ஞானப்பூ. அவளும் பார்த்திருந்தாள், வயசுக்கு அவள் கண் கூர்மை. முதல் சில பிடிகளை விரலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏழு ஏழாகவே எடுத்தாள். அதன் பிறகு சூடு விரலுக்கு வந்துவிட்டது. சூடான கைக்கு விறைத்துக் காட்டத் தெரியாது.

"போதும்ட்டி, வேண்டாம்," என்றாள் பத்தாவதில்.

"உன்னுது அம்பத்திரண்டு யக்கா."

"வேண்டாம்ங்கேன்ல," என்றாள் இருபதில். முப்பத்தைந்திலும் ஒரு தரம் சொன்னாள். மூன்று தரம் வேண்டாம் என்றாள், ஐம்பத்திரண்டும் எடுத்தாள்.

கடைசி அட்டையின் மூலையில் கொஞ்சம் கிடந்தது. கித்தேரி அதை அள்ளவில்லை. எந்த விரல் தொடுகிறதோ அந்த விரலுக்குத்தான் முதலில் சூடு போகும். திங்கட்கிழமை மறுபடி மேசைக்கு வந்தாகவேண்டும், உரிக்கிற விரலில் ஏறிய சூடு மறுபடி இறாலோடு போய்விடும். வலது கை முழுக்க உரிப்பதற்கு. இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இறாலைப் பிடிப்பதற்கு. உரிப்பில் சேராத விரல் இரண்டுதான். அவள் இடது கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒவ்வோர் இறாலாக இடுக்கி எடுத்து, விறைக்கும்வரை பிடித்திருந்து, கிணுங்கப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. விரல் இரண்டும் அடிவரை சுட்டன, அதற்கு மேல் இல்லை.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். சிவப்பு எண் மைனஸ் பதினெட்டு. ஓர் அட்டையைத் திறந்து தட்டிப் பார்த்தார், கிணுங்கியது. நல்ல சரக்கை ஏன் புதைக்கவேண்டும் என்று கேட்டு, வேறு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று பொழுது சாயுமுன்னே பெட்டி வேறு ஒரு தேசத்துக்குப் புறப்பட்டுப் போனது.

ஜோவிட்டாவைத் தூக்கிக்கொண்டு பிரகாசி வெள்ளிக்கிழமையே தன் புருஷன் ஊருக்குப் போயிருந்தாள், திங்கட்கிழமை சாயங்காலம்தான் வருவாள். கித்தேரி இரண்டு விரலையும் பழைய மல் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் படாமல் குளித்தாள். ஒற்றைக் கையால் சோறு வடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முகம் சுளித்தது. பூசைக்கு வந்த பெண்கள் பொதுத் தொட்டியில் விரல் நனைத்தார்கள், தனிக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. அது ஒன்றுதான் நல்ல சேதி. ஏலக்கூடத்தில் ஐஸ் இல்லாமல் ஒரு படகு விளைமீன் கண் சிவந்துபோனது. பூக்காரி மண்ணைத் தூற்றினாள். காலையில் இறந்துபோன ஒரு படகுக்காரரின் வீட்டிலிருந்து கை வைக்கக் கூப்பிட ஆள் வந்தது. கை வைக்கப் போன பெண்களின் கை சூடாக இருந்தது. மறுநாள் வருகிற மகனுக்காகக் காத்திருக்க முடியாமல் சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். மகன் மஸ்கட்டிலிருந்து போனில் இருபத்து மூன்று பேரையும் தனித்தனியாகத் திட்டினான். தெருவில் போகிறவர்கள் நின்று, "எப்பம்மா வேலைக்குப் போறிய?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை போனார்கள். ராயப்பன் வாசலிலேயே நின்றார்.

"முத நாலு நாளு உரிக்கிறதெல்லாம் கோழித்தீவனத்துக்கு. பொடி இறாலு. சூடு அதுல போயிரட்டும்னுட்டாரு மேனேஜர். அதுக்குப் பொறவு ஏத்துமதி."

"உறை?" என்றாள் ஞானப்பூ.

ராயப்பன் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்து சூட்டைக் கோழித்தீவனத்தில் உரித்துப் போட ஆரம்பித்தார்கள். அந்த மாதம் மேற்கே ஒரு பண்ணையில், முட்டை இடுவதற்கு மட்டுமே என்று வளர்த்த கோழிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கு உட்கார்ந்து, எழுப்பினால் கொத்தின என்று பின்னால் கேள்விப்பட்டார்கள். சலேத்துக்கு மத்தியானத்துக்குள் விரல் நுனி வெளுத்தது. மேசையின் ஓரத்தில் கித்தேரி, இடது கையின் இரண்டு விரலைப் பையோடு மேலே மடக்கித் தூக்கிக்கொண்டு, மற்ற எட்டால் உரித்தாள். தண்ணீர் தெறித்தபோதெல்லாம் கையை உயர்த்தினாள்.

"கித்தேரி, என்ன, ஆசீர்வாதம் குடுக்கியா?" என்று ஒருத்தி கேட்டாள். கித்தேரி அடுத்த இறாலின் ஓட்டை உடைத்தாள். எடை குறைந்ததென்று ராயப்பன் திட்டினார். தன் பேசினிலிருந்து ஒரு பிடி எடுத்த ஞானப்பூ, அதைப் போடுவதற்குக் கித்தேரியின் பேசின் பக்கம் கையைக் கொண்டுவந்தாள். கித்தேரி தன் பேசினைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தபோது பிரகாசி வந்திருந்தாள். ஜோவிட்டா அவள் இடுப்பில் இருந்தபடி அவள் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். கித்தேரி வாசல்படிக்கு வெளியிலேயே நின்று, பையை அவிழ்த்து, துணியைப் பிரித்து, இரண்டு விரலையும் தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. மற்ற மூன்று விரலையும் உள்ளே மடக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"ஏட்டி, புள்ள பயந்துரும்," என்றாள் பிரகாசி, ஓர் அடி பின்னால் வைத்து.

"ஒரே ஒரு தரம் மதினி."

ஜோவிட்டா பார்த்தாள். விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள். கையை நீட்டி இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். அழவில்லை. இழுத்து வாயில் வைத்து, இரண்டு பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, எச்சில் ஒழுகச் சிரித்தாள். பிரகாசியின் கை பிள்ளையின் முதுகில் இன்னும் கொஞ்சம் இறுகியது.

பிறகு பிள்ளை விரலை விட்டது. இடுப்பிலிருந்து கித்தேரியின் பக்கமாகச் சாய்ந்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் விரித்தது.

கித்தேரி அப்படியே நின்றாள். சூடு இருந்த விரல் இரண்டு. மிச்சம் எட்டு.